இரண்டாவது கோடு தெரிந்த பிறகு

(முதியோர் இல்லங்களை நடத்துவோர், செவிலியர், பொதுமக்கள் கூடிய பெரம்பலூர் அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020 மே 6ஆம் தேதி மாலை வந்த அரசு அறிக்கை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று தமிழ்நாட்டில் புதிதாகக் கொரோனா கண்டவர்கள் 771 பேர். சென்னையில் 324. அதற்கடுத்த இடம் கோவைக்கோ மதுரைக்கோ இல்லை, அரியலூருக்கு. 188 பேர். சிமெண்ட் லாரிக்கும் முந்திரிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் மட்டுமே பேர் போன மாவட்டம், ஒரே மாலையில் தொலைக்காட்சிகளின் தலைப்புச் செய்தி ஆகிவிட்டது. பெரம்பலூரும் அந்த வாரம் தப்பவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் நாள், மே 5ஆம் தேதி, தொற்று பரவிய சென்னைக் கோயம்பேடு அங்காடி மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் அதற்குச் சில நாள் முன்பிருந்தே கிடைத்த லாரியைப் பிடித்து ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். பலருக்குக் காய்ச்சல்கூட இல்லை. நல்லவேளையாக அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த வீடுகளில் அப்பத்தாவும் தாத்தாவும்தான் இருந்தார்கள். இரண்டு மாவட்டங்களிலும் பாதித் தெருக்களில் இன்றும் அவர்கள்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில், வளைகுடாவில். 2011 கணக்கெடுப்பின்படி 5,65,223 பேருடன் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர். அரியலூர் 7,54,894. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 விழுக்காடு என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

அந்த மே மாதத்தில் நம் ஊரில் மூக்கில் எடுத்த மாதிரி எங்கே போனது? தொடக்க மாதங்களில் திருச்சிக்கு, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு. பெரம்பலூரிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், ஜெயங்கொண்டத்திலிருந்து இன்னும் கூடுதல். ஆனால் சாலை நேரம் பெரிய விஷயமே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த மாதிரி வண்டிக்குக் காத்திருக்கும். வண்டி மற்ற ஊர்களின் பெட்டிகளுக்குக் காத்திருக்கும். ஆய்வகத்தில் பக்கத்து மாவட்டங்களின் பெட்டிகளும் வரிசையில் நிற்கும். எந்திரம் ஓடுவது சில மணி நேரம்தான். முடிவு கைக்கு வர இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகும். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022 ஜனவரியில்தான்.

வீட்டில் இருக்கும் ஒருவருக்கு இரண்டு நாள் தாமதம் என்பது இரண்டு நாள் பதற்றம். முதியோர் இல்லத்தில் அப்படியில்லை. அங்கே இரண்டு நாளில் ஒரு ஆயா முப்பது பேருக்குச் சோறு ஊட்டியிருப்பார், பத்துப் பேரைக் குளிப்பாட்டியிருப்பார், நாலு பேரைக் கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பார். அடுத்தவர் உடம்பைத் தொடாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. இடைவெளி விடுங்கள் என்று சுவரில் ஒட்டிய சுவரொட்டியைப் பார்த்து அவர் சிரித்திருப்பார்.

இதற்கு உலகம் கொடுத்த விலையில் ஒரு சிறு பகுதியை மட்டும் சொல்கிறேன். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்த 76 பேரை, அறிகுறி உண்டா இல்லையா என்று பார்க்காமல் பரிசோதித்தார்கள். 48 பேருக்குத் தொற்று. அந்த 48 பேரில் 27 பேருக்குப் பரிசோதித்த அன்று எந்த அறிகுறியும் இல்லை. பாதிக்கும் மேல். அவர்களில் 24 பேருக்கு அடுத்த சில நாட்களில் அறிகுறி வந்தது. வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி போல வெப்பமானியை நீட்டி ‘நார்மல், உள்ளே போங்க’ என்று நாம் அனுப்பிக்கொண்டிருந்தோமே, அது எதைப் பிடித்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதியவர்களுக்குக் காய்ச்சல் வருவதே வேறு மாதிரி. பலருக்கு இயல்பான உடல் சூடே குறைவு. இருபது வயதுக்காரருக்கு 102 அடிக்கும் நோய் எண்பது வயதில் 99இல் நின்றுவிடும். அதனால்தான் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள், அவரவரின் வழக்கமான சூட்டிலிருந்து 1.1 செல்சியஸ் டிகிரி ஏறினாலே காய்ச்சல் என்று கொள்ளச் சொல்கின்றன. அந்த வழக்கமான சூடு என்ன என்பதை நோட்டில் எழுதி வைத்திருந்தால்தானே ஏறியது தெரியும்? எழுதி வைத்திருக்கும் இல்லங்கள் இந்த அரங்கில் எத்தனை என்று கேட்டுச் சங்கடப்படுத்தமாட்டேன். சூடு மட்டுமில்லை. நேற்று வரை பேரனின் பெயரைச் சொன்னவர் இன்று ஆள் தெரியாமல் பேசுவார். நன்றாக நடந்தவர் கீழே விழுவார். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வரும். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தட்டுதான் முதல் அறிகுறி.

ஆகவே, திருச்சிக்குப் போகாமல் படுக்கை அருகிலேயே கால் மணி நேரத்தில் பதில் சொல்லும் ஒரு பரிசோதனை மற்ற யாரையும்விட முதியோர் இல்லங்களுக்கே அவசியமாக இருந்தது. அப்படி ஒன்று வரவும் செய்தது. அதை ஏன் நாம் பயன்படுத்தவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதை இருக்கிறது.

2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து ‘ரேபிட் கிட்’ வந்தது. தமிழ்நாடும் வாங்கியது. முதல் தவணை 24,000 என்று செய்தி. ஒன்று 600 ரூபாய். அதே வகைக் கிட்டைச் சத்தீஸ்கர் வேறொரு நிறுவனத்திடம் 337 ரூபாயும் வரியும் கொடுத்து வாங்கியது தெரிந்ததும் சட்டமன்றத்துக்கு வெளியே பெரிய சண்டை. இதற்குள் ராஜஸ்தான், கிட் 5.4 விழுக்காடுதான் சரியாகச் சொல்கிறது என்று கைவிரித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் முதலில் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னது, ஏப்ரல் 27ஆம் தேதி திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. இறக்குமதி செய்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் இடையிலான வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 245 ரூபாய்க்கு வந்திறங்கிய பொருள் 600க்குக் கைமாறியது அங்கேதான் வெளியே தெரிந்தது. 400 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்றது நீதிமன்றம்.

அந்தக் கிட் தேடியது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக நம் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை. அது உருவாக ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். இன்று தொற்றியவரை இன்றே கண்டுபிடிக்க அது செய்யப்படவே இல்லை. மட்டமான சரக்கு என்பது ஒரு பக்கம். வேலைக்குப் பொருந்தாத சரக்கு என்பதுதான் பெரிய பக்கம். ஆனால் மக்கள் மனதிலும் அதிகாரிகள் மனதிலும் ‘ரேபிட்’ என்றாலே ஏமாற்று என்று பதிந்துவிட்டது.

ஜூன் 14ஆம் தேதி ஐசிஎம்ஆர் வேறொரு ரேபிட்டை அனுமதித்தது. இது ஆன்டிஜென் பரிசோதனை. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் புரதத்தையே தேடுவது. கர்ப்பப் பரிசோதனை அட்டையில் நடக்கும் அதே வேலைதான்: துளி ஊறிப் போகும், ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் உண்டு. தென்கொரியாவின் எஸ்டி பயோசென்சர் நிறுவனத்துடையது. இந்தியாவில் சோதித்துப் பார்த்ததில், உண்மையில் தொற்று உள்ள நூறு பேரில் 50 முதல் 84 பேரைப் பிடித்தது. தொற்று இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் 99.3 முதல் 100 விழுக்காடு சரியாக இருந்தது. டெல்லி இதை அள்ளிப் பயன்படுத்தியது. பல மாநிலங்கள் ஆய்வகத்தில் செய்யும் ஆர்டிபிசிஆர் பரிசோதனையைக் குறைத்துக்கொண்டு எண்ணிக்கை காட்ட இதைப் பிடித்துக்கொண்டன. தமிழ்நாடு தொடவில்லை. எங்கள் பரிசோதனை முழுவதும் ஆர்டிபிசிஆர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

மாநிலத்தின் கணக்குக்கு அந்த முடிவு சரி என்பதுதான் என் கருத்து. பாதிப் பேரைத் தவறவிடக்கூடிய அட்டையை வைத்துக்கொண்டு ‘எங்கள் ஊரில் நோய் குறைந்துவிட்டது’ என்று பத்திரிகைக்குச் சொன்ன மாநிலங்களைப் பார்த்தோம். நாம் அதைச் செய்யவில்லை. ஆனால் மாநிலக் கணக்குக்குப் பொருந்திய முடிவு, வேப்பந்தட்டைப் பக்கமோ திருமானூர்ப் பக்கமோ இருக்கும் நாற்பது படுக்கை இல்லத்தின் சமையல்கட்டுக்குப் பொருந்தாது. அங்கே கேள்வியே வேறு. மாவட்டத்தில் எத்தனை பேருக்கு நோய் என்பது அங்கே யாருக்கும் வேண்டாம். இன்று காலை வேலைக்கு வந்திருக்கும் இந்தப் பெண் சாதக் கரண்டியைப் பிடிக்கலாமா, கூடாதா? பதில் வேண்டியது எட்டு மணிக்குள்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் டேனியல் லாரிமோரும் ஹார்வர்டில் இருந்த மைக்கேல் மினாவும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பரிசோதனையின் நுட்பத்தைவிட, அதை எத்தனை நாளுக்கொரு முறை செய்கிறோம், முடிவு எத்தனை சீக்கிரம் வருகிறது என்ற இரண்டும்தான் பரவலைத் தடுப்பதில் பெரிய பங்கு வகிக்கின்றன என்பது அவர்கள் கண்டது. உடம்புக்குள் போன வைரஸ் இரண்டு மூன்று நாளில் கிடுகிடுவென்று பெருகும். திங்கட்கிழமை அட்டைக்குத் தெரியாமல் போனது வியாழக்கிழமை தெரிந்துவிடும். மற்றவருக்குப் பரப்பும் அளவுக்கு வைரஸ் இருக்கும் நாளில்தான் அட்டை நன்றாக வேலை செய்கிறது. மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மூன்றாம் நாள் முடிவு வரும் ஆர்டிபிசிஆர் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அந்த மூன்று நாள் ஆயா சோறு போட்டுக்கொண்டுதான் இருப்பார்.

எண்ணில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஊரில் நோயே இல்லாத மாதத்தில் ஆயிரம் அட்டை போட்டால், 99.3 விழுக்காடு என்ற கணக்கில், ஏழு பேருக்குப் பொய்யாக இரண்டு கோடு வரும். அதை நம்பி ஒரு பாட்டியை 108இல் ஏற்றிக் கொரோனா வார்டில் படுக்க வைத்தால், இல்லாத நோயை நாமே வாங்கிக் கொடுத்தவர்களாவோம். அதனால் நோய் இல்லாத காலத்தில் வரும் இரண்டாவது கோட்டை உடனே நம்பாதீர்கள். வேறொரு அட்டையில் மறுபடி பாருங்கள், ஆர்டிபிசிஆருக்கும் அனுப்புங்கள். பதில் வரும் வரை தனி அறை. நோய் அடித்துக்கொண்டிருக்கும் காலத்திலோ இதற்கு நேர் எதிர். அறிகுறி உள்ளவருக்கு ஒரு கோடு வந்தால் அதை நம்பக்கூடாது. ஐசிஎம்ஆரும் அன்றே இதைச் சொன்னது: அறிகுறி இருந்து ரேபிட் நெகட்டிவ் என்றால் ஆர்டிபிசிஆர் கட்டாயம்.

ஐயா, அம்மா, இதுவரை பேசியது அட்டையைப் பற்றி. அட்டை சுலபம். இரண்டாவது கோடு தெரிந்த பிறகு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத இல்லம், அட்டையே வாங்க வேண்டாம். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். முடிவு தெரிந்தும் அதே ஹாலில் அதே கட்டிலில் அவரைப் படுக்க வைத்திருந்தால் பரிசோதனையால் கிடைத்தது பயம் மட்டுந்தான். காலியாக ஒரு அறை வேண்டும். கழிப்பறை ஒட்டிய அறையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஹாலைத் தாண்டித்தான் போவார். அந்த அறைக்கு யார் சாப்பாடு கொண்டுபோவது, இரவில் யார் எட்டிப் பார்ப்பது, ஆக்சிஜன் அளவு எவ்வளவுக்குக் கீழே போனால் யாரைக் கூப்பிடுவது, மகனுக்கு யார் போன் செய்வது. இவற்றுக்குப் பெயர் எழுதிய தாள் ஒன்று சுவரில் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, முதலில் யாரைப் பரிசோதிப்பது என்பது. முதியவர்களை வரிசையில் உட்கார வைத்து மூக்கில் குச்சி விடுவதைத்தான் நாம் பரிசோதனை என்று நினைக்கிறோம். படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா எங்கே போய் நோயை வாங்கிவந்தார்? நோய் இல்லத்துக்குள் வருவது காலில் நடந்து வருகிறவர்களோடு. காலையில் மினிபஸ்ஸில் வரும் ஆயா, பால்காரர், ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் கொடுக்க வரும் குடும்பம், பிறந்தநாள் கேக்கோடு வரும் கல்லூரிப் பிள்ளைகள். ஆதரவற்ற பிள்ளைகளும் முதியவர்களும் ஒரே வளாகத்தில் வாழும் இல்லங்களில், பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் வருவதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த வளாகங்களில் பாட்டிகளின் முகத்தில் இருக்கும் வெளிச்சமே அவர்களால்தான். குச்சி முதலில் வெளியே போய்வருகிறவர்கள் மூக்குக்குப் போகட்டும் என்கிறேன்.

பிரான்ஸில் 17 இல்லங்களின் ஊழியர்கள் 2020 வசந்த காலத்தில் வாரக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் முதியவர்களோடே தங்கினார்கள். ஒரே ஒரு இல்லத்தில்தான் முதியவர்களுக்குத் தொற்று வந்தது. நாட்டின் மற்ற இல்லங்களோடு ஒப்பிட்டால் அது பெரிய சாதனை. நம் ஆயாக்களிடம் அதைக் கேட்க முடியுமா? அவருக்கு வீட்டில் இரண்டு பிள்ளை, ஒரு மாமியார், நாலு ஆடு. தங்கச் சொல்வது நியாயமில்லை. பரிசோதித்துக்கொள்ளச் சொல்லலாம். அதற்கும் அவர் வரமாட்டார், ஏன் தெரியுமா? பாசிட்டிவ் என்றால் ஏழு நாள் கூலி போச்சு. இங்கிலாந்தின் லிவர்பூலில் இல்ல ஊழியர்களுக்கு ரேபிட் கிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில், விதித்த முறைப்படி பெரும்பாலும் பரிசோதித்துக்கொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. வேலைப் பளு, நேரமின்மை, சலிப்பு. அங்கேயே அப்படி. இங்கே முதல் நாளே இல்லத்தின் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்: ‘இரண்டு கோடு வந்தால் வீட்டில் இரும்மா, ஏழு நாள் கூலியில் ஒரு பைசா பிடிக்கமாட்டேன்.’ இந்த வாக்குறுதி இல்லாத பரிசோதனைத் திட்டம் எதுவும் இரண்டு வாரம் தாண்டாது. அறிகுறியை மறைக்கக் கற்றுக்கொடுத்ததுதான் மிச்சமாகும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த அட்டைகளைப் பெரும்பாலும் 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கத்திரியில் நம் ஊர் 40ஐத் தொடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் இருக்கும் ஸ்டோர் ரூம் அலமாரிக்குள் எவ்வளவு இருக்கும்? ஜெர்மனியில் 11 வகைக் கிட்டுகளை 37 டிகிரியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். பலவற்றின் கண்டுபிடிக்கும் திறன் வெகுவாகச் சரிந்தது. அட்டை கெட்டுவிட்டது என்று அட்டையே சொல்லாது. கட்டுப்பாட்டுக் கோடு அழகாக விழும், நோய்க்கான கோடு மட்டும் விழாது. எனவே ஸ்டோர் ரூமை விடுங்கள். தரைத்தளத்தில் குளிர்ச்சியான அறை, ஒரு வெப்பமானி. இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜ் இருந்தால் அதன் கீழ்த்தட்டு, எடுத்ததும் அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். அட்டையை எத்தனையாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். அதற்கு மேல் பார்த்தால் செல்லாது. வேலை நடுவே மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து, ‘லேசா கோடு தெரியுதே’ என்று கலங்கியவர்கள் உண்டு.

முதியவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மகன் போனில் சரி என்று சொல்லிவிட்டான் என்பதற்காகக் கையைப் பிடித்துக்கொண்டு குச்சியை விடுவதை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மூக்கில் ரத்தம் வந்தால் சுலபத்தில் நிற்காது. மறதி நோய் உள்ளவருக்கு அது வன்முறை. மூக்கின் முன்பகுதியில் மட்டும் தடவி எடுக்கும் கிட்டுகள் இருக்கின்றன. 2021 மே மாதம் ஐசிஎம்ஆர் வீட்டுப் பயன்பாட்டுக்கு முதலில் அனுமதித்த புனே மைலேப் நிறுவனத்தின் கோவிசெல்ஃப் அந்த வகைதான், அன்று விலை 250 ரூபாய். பழகிய ஆயாவே எடுத்தால் பாட்டி மறுப்பதில்லை.

தடுப்பூசி போட்டுவிட்டோமே, இனி எதற்கு இதெல்லாம் என்று ஒருவர் வாசலில் கேட்டார். 2021 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் தானே மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் 67 பேருக்குத் தொற்று வந்தது. பெரும்பாலோர் இரண்டு ஊசியும் போட்டவர்கள். ஊசி உயிரைக் காத்தது, பரவலைத் தடுக்கவில்லை. கொரோனா இப்போது ஒதுங்கி நின்றாலும் இன்ஃபுளுவென்சா ஒதுங்கவில்லை. அதற்கும் இதே அறை, இதே தாள், இதே வாக்குறுதி போதும்.

இனிக் காசநோய்க்கு வருகிறேன். உண்மையில் இந்த மேடைக்கு நான் வந்ததே அதற்காகத்தான். கொரோனா வந்தால் இல்லமே அலறுகிறது. காசநோய் ஒரு மூலைக் கட்டிலில் மாதக்கணக்கில் இருமிக்கொண்டு கிடக்கும், ‘பீடிக்காரர் இருமல்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு. சில நேரம் இருமல்கூட இருக்காது. 2019 முதல் 2021 வரை, சென்னைச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள், அதாவது ‘இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா’ என்ற கேள்விகளில் அகப்படவில்லை. அறிகுறி இருந்தவர்களிலும் 64 விழுக்காட்டினர் எங்கும் போய்க் காட்டவில்லை. வயது ஏற ஏற நோய் மிகுதியாக இருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தேட வேண்டிய இடம் எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 7ஆம் தேதி தொடங்கிய நூறு நாள் இயக்கம் முதியவர்களைத் தேடிப் பரிசோதிக்க வேண்டியவர்கள் பட்டியலில் வைத்தது அதனால்தான்.

இங்கே விரைவுப் பரிசோதனை என்பது ட்ரூநாட். கோவாவின் மோல்பயோ நிறுவனம் செய்த கருவி. பேட்டரியில் ஓடும், சிப் ஒன்றில் சளியின் சாறை வைத்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று சொல்லும். மேலும் ஒரு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதையும் சொல்லும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றது. சிக்கல் கருவியில் இல்லை, சளியில். முதியவருக்கு இழுத்து இருமிச் சளியை வெளியே கொண்டுவரத் தெம்பு இருக்காது. டப்பாவில் வருவது எச்சில். எச்சிலில் கிருமி இல்லை என்றால் நுரையீரலில் இல்லை என்று ஆகாது. விடியற்காலையில், முதல் டீக்கு முன்னால், வாய் கொப்பளித்துவிட்டு, உட்கார வைத்து, நாலைந்து முறை ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லி, காற்றோட்டமான வராந்தாவில் எடுங்கள். ஹாலுக்குள் வேண்டாம். கையில் தூக்கிவரும் எக்ஸ்ரே கருவிகள் இப்போது முகாம்களுக்கு வருகின்றன. படம் முதலில், சளி பிறகு என்ற வரிசையே முதியவர்களுக்கு ஏற்றது.

பாசிட்டிவ் என்றால்? பெரும்பாலும் அடுத்த கேள்வி, ‘எங்கே அனுப்புவது’ என்பதுதான். முன்பெல்லாம் காசநோய்க்கான செங்கிப்பட்டி சானடோரியம் என்பார்கள். ஆனால் எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1956இல் தொடங்கி இதே சேத்துப்பட்டு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில், ஒரு பாதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மறு பாதியைச் சென்னையின் நெருக்கடியான குடிசை வீடுகளிலும் வைத்து ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குணமானதில் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மருந்து தொடங்கினால் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. அறுபது ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த இந்த உண்மை நம் இல்லங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. முடிவு வந்த மறுநாளே மூட்டை கட்டி மகன் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறார்கள். மகன் அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுகிறான். அந்த அலைச்சலில் மருந்து நின்றுபோகிறது.

அவர் இல்லத்திலேயே இருக்கலாம், சன்னல் உள்ள அறையில், தொடக்க வாரங்களில் முகக்கவசத்தோடு. ஆனால் முதல் நாளே ஒன்றைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. நாட்டில் எந்த மாநிலமும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. அதில் பார்க்கச் சொல்வது இவைதான்: எடை உயரத்துக்கு மிகக் குறைவா, காலில் வீக்கமா, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேலா, ஆக்சிஜன் 94க்குக் கீழேயா, தாங்கல் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா. ஆய்வகம் வேண்டாம், ஒரு தராசும் ஆக்சிஜன் அளவு காட்டும் ஒரு விரல்மாட்டியும் ஒரு கடிகாரமும் போதும். இதில் சிக்குகிறவரை மட்டும் உடனே மருத்துவமனையில் சேருங்கள். முதியவர்கள் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோவது இந்த அறிகுறிகள் கவனிக்கப்படாமல்தான். மற்றவர்களுக்கு மாத்திரையும், நிக்ஷய் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணமும் வரும். வங்கிக் கணக்கு எண் இல்லத்தில் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஓஏபி பணம் போலவே இதுவும் பல நேரம் மகன் கணக்குக்குப் போய்விடுகிறது.

இல்லத்துக்கு வெளியே தனியாக வாழும் முதியவர்களுக்கும் இதில் எல்லாம் பங்கு உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு பெண் பையோடு தெருத்தெருவாகப் போகிறார். அந்தப் பையில் ஒரு சளி டப்பாவுக்கு இடம் இருக்கிறது.

பணம் எங்கே என்பீர்கள். கணக்குப் போட்டுவிடுவோம். நாற்பது முதியவர், எட்டு ஊழியர். நோய் அடிக்கும் எட்டு வாரத்துக்கு ஊழியருக்குத் திங்கள், வியாழன் என்று 128 அட்டை. முதியவர்களுக்கும் மறுபரிசோதனைக்கும் 72. மொத்தம் 200. அன்றைய 250 ரூபாய் விலையிலேயே 50,000. மொத்தமாக வாங்கினால் குறையும். அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒவ்வொரு சுரங்கமும் அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் அதில் 10 அல்லது 30 விழுக்காட்டை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்துகிறது. 2015 சட்டத் திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. அந்தப் பணத்தை முதலில் செலவிட வேண்டிய இனங்களாக வழிகாட்டுதலில் சொல்லியிருப்பவற்றில் சுகாதாரம் இருக்கிறது, முதியோர், மாற்றுத்திறனாளிகள் நலன் என்று தனியாகவே ஓர் இனமும் இருக்கிறது. சாலைக்கும் கட்டடத்துக்கும் கேட்கிறவர்கள் நிறையப் பேர். முதியோர் இல்லத்துக்கு என்று மனு கொடுக்கிறவர்கள் குறைவு. பெரம்பலூரிலும் குவாரிகள் இருக்கின்றன.

மனுவில் கிட் மட்டும் கேட்காதீர்கள். கழிப்பறை ஒட்டிய ஒரு அறை, இரண்டு விரல்மாட்டி, ஒரு சிறிய ஃப்ரிட்ஜ், விடுப்பில் இருக்கும் ஊழியருக்கு ஏழு நாள் கூலி என்று தனித்தனியாக விலை போட்டுக் கேளுங்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட கிராமங்களிலிருந்து வந்த முதியவர்கள் உங்கள் இல்லத்தில் எத்தனை பேர் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஆட்சியர்தான் அந்த அறக்கட்டளையின் தலைவர், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரிலேயே கொடுக்கலாம். இல்லத்தின் பதிவுச் சான்று நகலைக் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். மாதிரி மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் இல்லத்துக்குத் தக்கபடி சேர்ந்து திருத்திவிடலாம்.